மாறியின் வரையெல்லை

நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயரே மாறி. அப்பெயர் நிரலின் எப்பகுதியில் பொருளுடையதாய் வழங்குமோ, அப்பகுதி அம்மாறியின் வரையெல்லை எனப்படும். மாறிக்கு வகை உண்டு, மதிப்பு உண்டு, வாழ்நாளும் உண்டு. ஆயினும் ஒரு பெயரைக் கண்டவிடத்து, அதன் மதிப்பு யாது என வினவுமுன் அப்பெயர் எவ்விடத்திற்கு உரியது என வினவுதலே முறை.

பைத்தான் மொழி இவ்வினாவிற்கு நான்கு படிகளில் விடை தேடுகிறது. பெயரை முதற்கண் அது வழங்கும் செயற்கூற்றின் உள்ளேயே தேடும். இஃது உள்ளமை எல்லை. ஆங்கு இல்லையேல், அதனைச் சூழ்ந்து நிற்கும் புறச்செயற்கூறுகளில் தேடும். இது சூழமை எல்லை. அதன்பின் கோப்பு முழுமைக்கும் உரிய முழுதளாவிய எல்லையிலும், ஈற்றில் மொழியே முன்னரே அமைத்து வைத்த பெயர்களின் எல்லையிலும் தேடும். முதலிற் கிட்டியதே கொள்ளப்படும். வெளியே அதே பெயர் இருப்பினும் அது மறைந்து நிற்கும். ஒவ்வொரு வீட்டிலும் 'அண்ணன்' என்னும் சொல் அவ்வீட்டு மூத்தவனையே குறிக்க, 'மாவட்ட ஆட்சியர்' என்னும் சொல் எல்லா வீட்டிலும் ஒருவரையே குறித்தலை ஒத்தது இவ்வொழுங்கு. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் இதற்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. நம் பிள்ளைகள் இதனைத் தமிழிலேயே கற்கின்றனர் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

இவ்வொழுங்கின் பயன் தனியொருவர் எழுதும் சிறு நிரலில் தெளிவாய்ப் புலப்படாது. மைசூரில் 300 ஏக்கருக்கும் மேல் விரிந்த இன்போசிசு நிறுவன வளாகத்தில், பல மாநிலங்களினின்றும் வரும் இளம் பொறியாளர் ஆயிரக்கணக்கில் தங்கி நிரலாக்கம் பயில்கின்றனர். அத்தகையோர் பின்னர் வெவ்வேறு ஊர்களில் அமர்ந்து ஒரே மென்பொருளின் வெவ்வேறு பகுதிகளை எழுதுவர். ஒருவர் தம் செயற்கூற்றில் 'தொகை' என ஒரு மாறியை அமைத்ததைப் பிறிதொருவர் அறியார். அவரும் தம்முடையதற்குத் 'தொகை' என்றே பெயரிடுவார். இரண்டும் மோதுவதில்லை. வரையெல்லையைத் தளையெனக் கருதுவோர் உளர்; பிறர் எழுதியதை அறியாமலே தம் பகுதியைச் செவ்வனே எழுதி முடிக்கும் உரிமை என்றே நான் அதனைக் கொள்கிறேன்.

எல்லையை வகுக்கும் நெறி இருவகைப்படும். நிரல் எழுதப்பட்ட அமைப்பைக் கொண்டு வகுப்பது எழுத்துவழி எல்லை. செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைக்கும் வரிசையைக் கொண்டு வகுப்பது அழைப்புவழி எல்லை. கோப்பின் புறத்தே 'விலை' 100 என இருக்கட்டும். 'காட்டு' என்னும் செயற்கூறு அவ்விலையைத் திரையில் இடுகிறது. 'விற்பனை' என்னும் பிறிதொரு செயற்கூறு, தனக்கென 'விலை' 250 என அமைத்துக்கொண்டு, 'காட்டு' என்பதை அழைக்கிறது. எழுத்துவழி மொழி 100 எனக் காட்டும். அழைப்புவழி மொழி 250 எனக் காட்டும். 1960-இல் வெளிவந்த அல்கால் மொழி அறிக்கை, ஒன்றனுள் ஒன்றாய் அமையும் கட்டங்களால் எழுத்துவழி நெறியை நிலைநாட்டியது. சான் மெக்கார்த்தி படைத்த தொடக்க லிசுப்பு மொழி அழைப்புவழியில் நடந்தது. அதன் குடும்பத்தில் 1975-இல் சசுமனும் சுட்டீலும் அமைத்த இசுகீம் மொழி எழுத்துவழிக்கு மாறிற்று. அம்மாற்றமே நேரிது என்பேன்; நிரலை இயக்காமல், படித்த அளவிலேயே பெயரின் உரிமையிடத்தை உணர்தல் அதனாலன்றோ இயலும்!

பைத்தானில் பயில்வோர் பெரிதும் இடறும் இடம் ஒன்றுண்டு. செயற்கூற்றினுள் எவ்வரியிலேனும் ஒரு பெயருக்கு மதிப்பு இருத்தப்படின், தனி அறிவிப்பு இல்லாதவிடத்து, அப்பெயர் அச்செயற்கூறு முழுமைக்கும் உள்ளமை ஆகிவிடும். ஆகவே, மதிப்பு இருத்தும் வரிக்கு முன்னரே அதனைப் படிக்க முயலின், புறத்தே அதே பெயர் மதிப்புடன் நிற்பினும், பிழையே விளையும்.

வரையெல்லை நிரலின் இடத்தைப் பற்றியது. வாழ்நாள் நிரல் இயங்கும் பொழுதைப் பற்றியது. இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே செல்லும்; ஒரோவழிப் பிரியும். ஒரு செயற்கூறு தன்னுள் ஓர் அகச்செயற்கூற்றை ஆக்கி, அதனையே விடையாகத் திருப்பி அளித்துத் தன் பணியை முடிக்கலாம். அகச்செயற்கூறு எடுத்தாளும் மாறி அப்போதும் அழிவதில்லை; அச்செயற்கூறு உள்ளவரை நினைவகத்தில் நிலைத்திருந்து, அழைக்கும்தோறும் தன் மதிப்பை வழங்கும். புறத்தே எவ்வரியினின்றும் அதனைப் பெயர்சொல்லி அழைத்தல் மட்டும் இயலாது.