எடைக்குப் போகும் முன்...

மாமனார் காலமானதும் பட்டாவில் பெயர் மாற்றக் கிளம்பினோம். கிரயப் பத்திரத்தைக் காணோம்! கரண்ட் ரசீது, கல்யாணப் பத்திரிகை, பழைய கடிதங்கள் என்று அடைந்து கிடந்த டிரங்குப் பெட்டியைக் கொட்டினேன். அடியில் இருந்தது. "ஏத்தா, போன வாரம் இதையெல்லாம்தானே பழைய பேப்பர்காரருக்குப் போட்டிரலாம்னே?" என்றார் அத்தை. எனக்கு வேர்த்துவிட்டது.

மறுநாளே, கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுத் தந்த மஞ்சள் பைகளில் மூன்றை எடுத்தேன். பத்திரம், பாலிசி ஒன்றில், அது பீரோவுக்குள். வீட்டு வரி, கரண்ட் ரசீதுகள் இரண்டாவதில். அன்றாடத் தபால் மூன்றாவதில். மாதக் கடைசியில் பார்த்து, வேண்டாததைக் கழித்துவிடுவேன்.

பட்டா நகலை இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். அசல் பத்திரம் தொலைந்தாலோ போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம் என்று அலைச்சல்தான். தோழிகளே, எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பாருங்கள்!

- ஒரு வாசகி, சேவுகம்பட்டி.