பிரிட்டன் மாணவர் விசா: 28 நாள் கணக்கு

பிள்ளையை பிரிட்டனில் படிக்க அனுப்பும் குடும்பங்கள் விசாவுக்கென்று முதலில் எடுத்து வைப்பது வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, ஆடிட்டர் போட்டுக் கொடுத்த சொத்துக் கணக்கு. அந்நாட்டு விதியில் இவற்றுக்கு இடமே இல்லை. வீடு, நிலம், தங்கம், ஷேர், பி.எஃப். எதையும் பணமாக எண்ண மாட்டார்கள். கணக்கில் வருவது பெரும்பாலும் இரண்டே: நினைத்தால் எடுக்கக்கூடியபடி வங்கியில் இருக்கும் பணம், முறையான கல்விக் கடன்.

மாணவர் விசாவுக்கு 70 புள்ளிகள் வேண்டும். பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதிசெய்து அனுப்பும் 'காஸ்' எண்ணுக்கு 50, ஆங்கிலத்துக்கு 10, பணத்துக்கு 10. காஸைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். குடும்பம் தன் கையால் செய்ய வேண்டியது அந்தக் கடைசிப் பத்துதான். சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எவ்வளவு காட்ட வேண்டும்? முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் செலுத்தியது போக மீதி, அதோடு அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் இந்தச் செலவு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171. லீட்ஸில் 24,000 பவுண்டு கட்டணத்தில் ஒரு முதுகலைப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். 4,000 முன்பணம் கட்டியாயிற்று. மீதி 20,000, அதோடு ஒன்பது மாதச் செலவு 10,539. ஆக 30,539 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்றால் 36 லட்சத்து 65 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதிகாரி பார்ப்பது விண்ணப்பித்த நாளின் மாற்று விகிதத்தை. சரியாக அந்தத் தொகையை மட்டும் போட்டு வைத்துவிட்டு ரூபாய் சரிந்தால், பணம் இருந்தும் இல்லாத கதைதான். ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாகக் கிடக்கட்டும்.

இனி அந்த 28 நாள். வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அந்தக் கடைசித் தேதிக்கும் விண்ணப்ப நாளுக்கும் நடுவே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. விண்ணப்ப நாள் என்பது ஆன்லைனில் விசாக் கட்டணம் கட்டும் நாள். சென்னையில் கைரேகை வைக்கப் போகும் நாள் அல்ல. ஜூன் 1 அன்று பணம் வந்தால் ஜூன் 28 வரை தொடக் கூடாது. இன்றைய இருப்பை மட்டும் சொல்லும் வங்கிக் கடிதம் போதாது, 28 நாளும் தெரிய வேண்டும்.

இதைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்னச் செலவுகள். வீட்டுக் கடன் தவணையோ எல்.ஐ.சி. பிரீமியமோ அதே கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைக்கு அப்பா அதிலிருந்தே கட்டிவிடுவார். இருப்பு வரம்புக்குக் கீழே இறங்கினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. எந்தத் தவணையும் இணைக்காத ஒரு கணக்கை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது. முன்கூட்டியே எடுக்க முடிகிற ஃபிக்ஸட் டெபாசிட்டும் செல்லும்.

யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதில் நம் குடும்ப வழக்கமும் அவர்கள் விதியும் மோதும். மாணவர், பெற்றோர், சட்டப்படியான காப்பாளர், மாணவரின் கணவர் அல்லது மனைவி, அவ்வளவுதான். படிப்புச் செலவைத் தாய்மாமன் ஏற்பது நமக்குப் பெருமை, விசா அதிகாரிக்கு அவர் வெளி ஆள். அவர் உதவுவதென்றால் பணத்தை அப்பா கணக்குக்கு மாற்றிவிட்டு, அங்கே 28 நாள் காத்திருக்க வேண்டும். திடீரென்று வந்த பெரிய தொகை எங்கிருந்து என்று கேட்டால் பதிலும் ஆவணமும் தயாராக இருக்கட்டும். பெற்றோர் கணக்கைக் காட்டும்போது பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் சேர வேண்டும். சான்றிதழில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள்; இனிஷியல் விரியும் இடத்தில் நம் ஊர்ப் பெயர்கள் படுத்தும் பாடு தெரிந்ததே.

கல்விக் கடனுக்கு 28 நாள் விதி கிடையாது. கடன் மாணவர் பெயரில் இருக்க வேண்டும், வங்கிக் கடிதம் ஆறு மாதத்துக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும். விசா கிடைப்பதைத் தவிர வேறு நிபந்தனை அதில் இருக்கக் கூடாது. 'அடமானப் பத்திரம் பதிவான பின் வழங்கப்படும்' என்ற ஒரு வரி போதும், சிக்கல்தான். மேலாளரிடம் அந்த வரியைக் காட்டி, அடமானத்தை முடித்துவிட்டுப் புதுக் கடிதம் வாங்குங்கள்.

ஒரு மாதத்துக்கு வட்டிக்குப் பணம் போட்டு 'ஃபண்ட் காட்டித் தருகிறோம்' என்று வரும் ஏஜென்ட்டுகளை நான் நம்பச் சொல்ல மாட்டேன். அவர்கள் தருவது போலி ஸ்டேட்மென்ட் என்று தெரிந்தால் பத்து ஆண்டு வரை பிரிட்டனுக்குள் நுழையத் தடை வரலாம். அதை அனுபவிக்கப்போவது மாணவர், ஏஜென்ட் அல்ல.

கணக்கில் காட்ட வேண்டிய பணத்துக்கு வெளியே விசாக் கட்டணம் தனி. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணமும் உண்டு, மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பும், விசாக் கட்டணம் திரும்பாது.

சிலரை வீடியோவில் சிறு நேர்காணலுக்கும் அழைப்பார்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், பணம் யாருடையது என்பது போன்ற கேள்விகள். மனப்பாடப் பதில் ஒட்டாது. பாடத்திட்டத்தை ஒரு முறையாவது படித்துவிட்டுப் போக வேண்டும்.

விசா மறுக்கப்பட்டால், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர் 28 நாளுக்குள் மறுஆய்வு கேட்கலாம். அதிகாரி தவறாக முடிவெடுத்தார் என்பதற்குத்தான் அது. விட்டுப்போன ஸ்டேட்மென்ட்டைப் பிறகு சேர்க்க வழியில்லை. ஆவணக் குறை நம் பக்கம் என்றால் புது விண்ணப்பம்தான். காஸ் எண் ஒரு முறைதான் பயன்படும் என்பதால் அதையும் பல்கலைக்கழகத்திடம் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பில் சேரக் கடைசித் தேதி எது, அதற்குள் முடியாவிட்டால் அடுத்த பருவத்துக்கு இடத்தைத் தள்ளிவைப்பார்களா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.