பூட்டிய கணினியைத் தொலைவிலிருந்து திறக்கலாமா?

வீட்டுச் சர்வரின் வட்டை மறையாக்கம் செய்து பூட்டியிருக்கிறீர்கள். திருடனால் அதைப் படிக்க முடியாது. ஆனால், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது மின்சாரம் தடைபட்டுத் திரும்பினால்? சர்வர் கடவுச்சொல் கேட்டபடி நின்றுவிடும். தட்டச்சு செய்ய ஆளில்லை.

லினக்ஸில் இதற்கு வழி உண்டு. ‘பூட்’ என்னும் சிறு பகுதி பூட்டப்படாமல் இருக்கும். கணினி எழும்போது, அதிலுள்ள கெர்னலும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் குட்டிக் கோப்பமைப்பும் முதலில் நினைவகத்தில் ஏறும். அதில் ‘டிராப்பேர்’ என்ற சிறிய எஸ்எஸ்எச் நிரலை முன்கூட்டியே சேர்த்துவைத்தால், அதன்வழி தொலைவிலிருந்து நுழைந்து கடவுச்சொல்லைத் தரலாம். வட்டு திறக்கும், முழு இயங்குதளமும் எழும்.

கவனம்! பூட்டப்படாத பகுதியில் கடவுச்சொல்லை எழுதிவைக்காதீர்கள். அது வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதைப் போன்றது. சர்வரைத் தொட முடிந்தவர் அப்பகுதியை மாற்றியமைத்து, நீங்கள் தரும் கடவுச்சொல்லைத் திருடவும் முடியும்.