பூனாகலை லயத்தில் ஒரு பெட்டரி டி.வி.: பழைய பெட்டியை அடையாளம் காண்பது எப்படி?

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1979 ஏப்ரலில், ஐ.டி.என். மூலம். ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரியில். அதற்குள் உலகின் பெரிய கம்பனிகள் வால்வைக் கைவிட்டு ட்ரான்சிஸ்டருக்கு மாறிவிட்டன. ஆகவே நாங்கள் ‘டியூப் டி.வி.’ என்று சொல்லும் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஒரே டியூப் படக்குழாய்தான். பின்மூடிக்குள் கண்ணாடி வால்வுகள் வரிசையாக நின்றால், அது யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பூனாகலைத் தோட்டத்தில் ஒரு காம்பராவில் அண்மையில் நான் திறந்து பார்த்தது 12 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டது. “மாமா வாங்கினது” என்பதற்கு மேல் வீட்டு அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. இரும்புக்காரரிடம் போடச் சொல்கிறார் மகன். அம்மாவுக்கு மனமில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையும் 2023 மார்ச்சில் கபரகலையும் சரிந்த மலைப்பக்கம் இது. வன்னியில் இடம்பெயர்வுக்கு இடம்பெயர்வு ஒவ்வொன்றாக விட்டுவந்தவர்களுக்கு அந்த அம்மாவின் மனது விளங்கும்.

பெயர் இல்லாவிட்டால் படக்குழாயில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 310 என்று தொடங்கி பி4 என்று முடிந்தால் அது ஜப்பானிய முறை: மூலைக்கு மூலை 310 மில்லிமீற்றர், கறுப்பு வெள்ளை. பி22 என்றால் கலர். ஐரோப்பிய முறையில் ஏ31 என்று தொடங்கும், அதாவது 31 சென்ரிமீற்றர். முடிவில் டபிள்யூ என்றால் கறுப்பு வெள்ளை, எக்ஸ் என்றால் கலர். பின்மூடியில் 100 வோல்ட் என்று இருந்தால் அது ஜப்பானுக்குள் விற்ற பெட்டி, எங்கள் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது. பிரித்தானியாவிலிருந்து வந்த பெட்டியில் படம் வரும், சத்தம் வராது. அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. இது தெரியாமல் ஸ்பீக்கரை மாற்றிக் காசை விட்டவர்கள் உண்டு.

இந்தப் பெட்டியின் பின்னால் இன்னொரு துளை இருந்தது, 12 வோல்ட் டிசி. லயத்துக்கு இது வந்து சேர்ந்ததே அந்தத் துளையால்தான். கரண்ட் இல்லாத காம்பராக்களில் கார் பெட்டரியில்தான் டி.வி. ஓடியது. சுமார் 15 வாட் இழுக்கும் பெட்டிக்கு ஒன்றேகால் அம்பியர் போதும். 40 அம்பியர்-மணி பெட்டரியைப் பாதிவரை இறக்கினால் 16 மணித்தியாலம் பார்க்கலாம். பெட்டரி இறங்க இறங்கப் படம் சுருங்கும். பிறகு அதைச் சுமந்துகொண்டு சார்ஜ் கடைக்குப் போக வேண்டும். வடக்கில் அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே இருந்த மின்சாரத்தைப் போர் பறித்தது. இங்கே பல லயங்களுக்கு அது வந்து சேரவே நெடுங்காலம் ஆனது.

பெட்டரி வயரை யாரோ நேர் எதிர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்: ஃபியூஸும் அதற்குப் பக்கத்து டயோடும் எரிந்திருந்தன. இரண்டு கொண்டென்சர்கள் தலை உப்பியிருந்தன. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்குக் கூடியது போட்டால் போதும். மலைப் பனியில் சனல் திருகியின் தொடுமுனைகள் பச்சை பிடித்திருந்தன, துடைத்தேன்.

வருடக்கணக்கில் கிடந்த பெட்டியை நேரே பிளக்கில் சொருக வேண்டாம். காய்ந்த கொண்டென்சர் வெடிக்கலாம். ஒரு 60 வாட் பழைய இழை பல்பைத் தொடராக இணைத்துக் கரண்ட் கொடுங்கள் (எல்.ஈ.டி. பல்பு சரிவராது). பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷோர்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் படக்குழாயில் மின்னேற்றம் நிற்கும். 12 அங்குலப் பெட்டியிலேயே அது 10,000 வோல்ட் அளவு. குழாயின் வெளிப்புற எர்த் பின்னலோடு வயரால் இணைத்த, நல்ல பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளியை இறப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து அதை இறக்க வேண்டும். மற்றக் கை காற்சட்டைப் பையில் இருக்கட்டும். செய்து பழக்கமில்லாதவர் பின்மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

போடத்தான் வேண்டும் என்றாலும் செம்புக்காகக் குழாயை உடைக்க விடாதீர்கள். உள்ளே வெற்றிடம், கழுத்து முறிந்தால் கண்ணாடி சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. லயத்து வாசல் பிள்ளைகள் விளையாடும் இடம்.