வீடியோவில் டாக்டர், பக்கத்தில் நர்ஸ்: எழுதிக் கொடுக்கும் மருந்துக்கு யார் பொறுப்பு?

ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர், தர்மபுரி மாவட்டம் அதியமான்கோட்டை. அந்தப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு, தலைசுற்றலோடு 60 வயது அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே டாக்டர் இல்லை. செவிலியர் பிரஷர் பார்க்கிறார், வீடியோ காலில் டாக்டரைக் கூப்பிடுகிறார்.

அந்த அம்மாவுக்கு பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம். ஆனால் இன்னொன்றும் மாறியிருக்கிறது. டாக்டர் செய்துவந்த வேலையில் ஒரு பெரும் பங்கு இப்போது செவிலியர் கைக்கு வந்துவிட்டது.

எப்போது வந்தது இது?

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. சுகாதார நிலையத்தில் இருப்பவர் டாக்டரிடம் பேசுவது ஒரு வகை. நோயாளி வீட்டிலிருந்தே பேசுவது இன்னொரு வகை; கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில் இது வந்தது. 2023 பிப்ரவரிக்குள் நாடு முழுக்க 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டது.

செவிலியருக்கு என்ன மாறியது?

2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நோயாளியின் உடல்நிலையைக் கேட்டறிந்து, பரிசோதித்து, டாக்டரிடம் சொல்ல வேண்டியது சுகாதாரப் பணியாளர். அவராகவே டாக்டரை அழைக்கும்போது, நோயாளியிடம் வெளிப்படையாகச் சம்மதமும் வாங்க வேண்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டரால் நாடி பிடிக்க முடியாது, வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, கால் வீக்கத்தை அமுக்கிப் பார்க்கவும் முடியாது. செவிலியரின் கைதான் அவருக்குக் கை. கையின் பருமனுக்குச் சின்னதாக இருக்கும் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தால், அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டாக்டர் மாத்திரையைக் கூட்டினால், பாதிப்பு அந்த அம்மாவுக்கு.

டாக்டருக்கு?

மருந்து எழுதும் பொறுப்பு டாக்டருடையதுதான். "வீடியோவில் பார்த்தது போதாது, நேரில் அனுப்புங்க" என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. போதை தரக்கூடிய சில வகை மருந்துகளை இந்த முறையில் எழுதவே கூடாது. ஏஐ செயலி தானாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆக, டாக்டர் புதிதாக ஒன்றைப் பழக வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இல்லாத ஒருவரிடம் சரியான கேள்வியைக் கேட்டு, அவர் சொல்வதை எடைபோட வேண்டும்.

உறவு மாறுவது இங்கேதான்

முன்பு டாக்டர் சொல்வார், செவிலியர் செய்வார். இப்போது செவிலியர் முதலில் சொல்ல வேண்டும். "இல்லைங்க டாக்டர், இவங்களுக்கு மூச்சு வாங்குது, இன்னொரு தடவை பாருங்க" என்று மறுத்துப் பேசவும் வேண்டியிருக்கும். அதைக் காதுகொடுத்துக் கேட்கும் டாக்டர் இருந்தால்தான் இந்த முறை பாதுகாப்பானது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை 2004-ல் தேனி பகுதியில் பார்வை மையங்களைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். யார் எதைச் செய்வது என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்ததுதான் அதன் பலம்.

சங்கிலியில் இன்னொருவரும் இருக்கிறார். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் முதலில் தெரிவது இவர்களுக்குத்தான். அந்தத் தகவல் டாக்டர் வரை போய்ச் சேர வேண்டும்.

சிக்கல் என்ன?

2021-ல் தமிழகத்தில் 4,848 இடைநிலை சுகாதாரப் பணியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. நர்சிங் படித்தவர்களுக்கான இந்த வேலை ஒப்பந்த அடிப்படையிலானது, அப்போது அறிவிக்கப்பட்ட மாத ஊதியம் 14,000 ரூபாயாக இருந்தது. பொறுப்பு கூடியிருக்கிறது, பணிப் பாதுகாப்பு கூடவில்லை. டாக்டர் பக்கத்திலும் ஒரு நெருக்கடி: வெளியே ஓபி வரிசை நிற்கும்போதே வீடியோ காலையும் எடுக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பழைய மருந்துச்சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.
* எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* மருந்துச்சீட்டில் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா எனப் பாருங்கள்.
* செவிலியர் சொன்னதில் ஏதாவது விட்டுப்போனால், டாக்டரிடம் நீங்களே பேசுங்கள்.
* நெஞ்சுவலி, கை கால் ஒரு பக்கம் செயலிழப்பது, கடும் மூச்சுத்திணறல் என்றால் வீடியோ காலுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.