காலப்பங்குப் புள்ளியும் ஓட்டல் அறையும்

நாட்டுப்புறங்களில் ஒரே கிணற்றைப் பங்காளிகள் பலர் முறைவைத்து இறைப்பதை வாசகர்கள் அறிவர். திங்களும் செவ்வாயும் மூத்தவனுக்கு, புதனும் வியாழனும் இளையவனுக்கு என்று நாளைப் பிரித்துக் கொள்வர். கிணறு பொது, நாள் அவரவர்க்கு உரியது. மேலைநாடுகளில் 'டைம்ஷேர்' எனப்படும் ஏற்பாடும் ஏறக்குறைய இத்தகையதே. நாம் அதனைக் காலப்பங்கு எனலாம். உல்லாச விடுதியில் ஒரு வீட்டைப் பலர் சேர்ந்து வாங்கி, ஆளுக்கு ஆண்டில் ஒரு வாரம் எனப் பங்கிட்டுக் கொள்வதே அதன் எளிய வடிவம். 1963ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஹாப்பிமாக் நிறுவனத்தை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கூறுவர். 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்னும் பரிமாற்ற நிறுவனம் ஏற்பட்டது. அதன்பின் ஒருவர் தம் வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊரில் பிறர் வாரத்தைப் பெறுவதும் எளிதாயிற்று.

ஆயினும், ஆண்டுதோறும் அதே வாரம், அதே வீடு என்பது பலருக்குப் பொருந்தவில்லை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மாறும், குடும்பம் பெருகும், முழுதாக ஏழு நாள் தங்க இயலாமற் போகும். ஆகவே வாரம் என்னும் முழு நாணயத்தைச் சில்லறையாக மாற்றினர். அச்சில்லறையே புள்ளி. 1991இல் புளோரிடாவில் தொடங்கிய டிஸ்னி வெக்கேஷன் கிளப் புள்ளி முறையிலேயே பங்குகளை விற்றது. 1984இலேயே இத்துறையில் இறங்கி வாரங்களை விற்றுவந்த மேரியட், 2010இல் புள்ளிக்கு மாறிற்று. ஹில்டனும் புள்ளி முறையையே கையாளுகிறது.

புள்ளியாக மாறியதும் இன்னொரு வசதியும் வந்து சேர்ந்தது. பங்கு வாங்கிய விடுதிக்குச் செல்லாமல், அதே புள்ளிகளைக் கொடுத்துச் சாதாரண ஓட்டலிலும் அறை எடுக்கலாம் என்றனர். இன்று விற்பனை மண்டபங்களில் மிகுதியாகப் பேசப்படுவது இந்த வசதியே. "இது ஒரு விடுதியில் வாங்கும் பங்கு அன்று; உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஓட்டல்களின் திறவுகோல்" என்று விற்பவர் கூறுகின்றார். கேட்பவருள் நடுவயதைக் கடந்தவர் சிலர். ஓய்வூதியப் பணத்தை எங்கே இடுவது என்று எண்ணிக் கொண்டிருப்பவர். பல்லாயிரம் டாலர் முதலும், பங்கு உள்ளவரை ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் அவர் தலையில் ஏறுகின்றன. ஆதலின் அந்தத் திறவுகோல் உண்மையில் என்ன விலைக்கு ஒரு கதவைத் திறக்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

புள்ளியின் இயல்பை முதலில் அறிய வேண்டும். டிஸ்னி ஏற்பாட்டில் ஒரு விடுதியிலுள்ள வீடுகளையும் ஓர் ஆண்டின் இரவுகளையும் கணக்கிட்டு மொத்தப் புள்ளி இவ்வளவு என்று வரையறுத்துள்ளனர். அம்மொத்தத்தை நிறுவனம் தன் விருப்பப்படி உயர்த்த முடியாது. கிறிஸ்துமஸ் வாரத்திற்குக் கூடுதல் புள்ளி கேட்டால், வேறொரு வாரத்திற்குக் குறைத்தே ஆக வேண்டும். ஓட்டலில் அறை வாடகை இருமடங்கு ஆனாலும், பங்காளியின் புள்ளிகள் அதே அளவு தங்கலைத்தான் அவருக்குத் தரும். கிணற்று நீரின் விலை சந்தையில் எதுவாயினும், பங்காளிக்கு அவன் நாள் அவன் நாளே. காலப்பங்கில் ஏதேனும் ஆதாயம் உண்டென்றால் அது இந்த உறுதிப்பாட்டில்தான் உள்ளது.

தமிழாசிரியர்க்குப் புள்ளி என்றதும் மெய்யெழுத்தே நினைவுக்கு வரும். மெய் உயிரோடு கூடியே இயங்கும். இப்புள்ளியும் தன் விடுதியோடு கூடியபோதே இயங்குகிறது எனலாம். விடுதியை விட்டு ஓட்டலுக்குக் கொண்டு சென்றால் அதன் நிலை முற்றிலும் வேறு. அந்த ஓட்டலில் நமக்குப் பங்கு இல்லை. அந்த அறைக்கு எவரோ ஒருவர் ரொக்கம் செலுத்தியே ஆக வேண்டும். அந்த ரொக்கம் எங்கிருந்து வருகிறது? டிஸ்னி ஏற்பாட்டில், ஓட்டலுக்காக நாம் கொடுக்கும் புள்ளிகளை நிறுவனம் எடுத்துக்கொண்டு, அப்புள்ளிகளுக்கு உரிய விடுதி வீடுகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறது. அவ்வருவாயைக் கொண்டு ஓட்டல் அறையின் செலவை ஈடு செய்கிறது. வீடு வாடகைக்குப் போகாமல் இருந்துவிடும் இடர், விளம்பரச் செலவு, இடையாளின் கூலி ஆகிய அனைத்தையும் எண்ணியே அது புள்ளி விகிதத்தை நிருணயிக்கும். இங்கே எவரும் வஞ்சிக்கவில்லை. நம் பொருளைப் பிறர் விற்றுத் தரும்போது பிடித்தம் இருப்பது வாணிக இயல்பு.

மேரியட், ஹில்டன் ஆகியவற்றில் வழி சற்று வேறுபடும். அங்கே காலப்பங்குப் புள்ளியை ஓட்டல் வாடிக்கையாளர்க்குரிய மற்றொரு வகைப் புள்ளியாக மாற்றித் தருகின்றனர். மேரியட்டின் காலப்பங்குத் தொழில் 2011லும், ஹில்டனுடையது 2017லும் தாய் நிறுவனத்தினின்று பிரிந்து தனி நிறுவனங்கள் ஆயின. பெயர் ஒன்றாயினும் பெட்டி இரண்டு. ஒருமுறை மாற்றிய புள்ளியை மீண்டும் காலப்பங்குப் புள்ளியாக ஆக்க இயலாது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. காலப்பங்குப் புள்ளியைப் போல ஓட்டல் புள்ளிக்கு வரையறுத்த அளவு கிடையாது. எந்த ஓட்டலுக்கு எத்தனை புள்ளி என்னும் நிலையான பட்டியலை ஹில்டன் 2017இல் கைவிட்டது. மேரியட் 2022இல் கைவிட்டது. இன்று ஓர் இரவுக்கு 40,000 புள்ளி கேட்கும் அறை, அடுத்த ஆண்டு 60,000 கேட்டால் மறுத்துச் சொல்ல நமக்கு எந்த ஒப்பந்தமும் துணை நிற்காது. மரக்காலால் அளந்து வாங்கிய நெல்லைக் கொடுத்து, அளவு மாறிக்கொண்டே இருக்கும் வேறொரு படியால் திரும்ப வாங்குவது போன்றது இது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக் கொள்பவையே; முறைதான் முக்கியம். ஒருவரிடம் ஆண்டுக்கு 200 புள்ளி உள்ளது. புள்ளிக்கு 9 டாலர் வீதம் பராமரிப்புக் கட்டணம் 1,800 டாலர். பங்கு வாங்கக் கொடுத்த முதலை இப்போதைக்குச் சேர்க்க வேண்டா. அது முன்பே போயிற்று. விடுதிக்குச் சென்றாலும் ஓட்டலுக்குச் சென்றாலும் திரும்பி வராது. விடுதியில் ஓர் இரவுக்கு 20 புள்ளி என்றால் பத்து இரவு தங்கலாம். ஓர் இரவுக்கு 180 டாலர் ஆகிறது. அதே வீட்டை வெளியார் 400 டாலருக்கு எடுக்கின்றனர். ஆதாயம் கண்கூடு. ஓட்டலிலோ ஓர் இரவுக்கு 40 புள்ளி கேட்கின்றனர். ஐந்து இரவுதான் கிடைக்கும். ஓர் இரவுக்கு 360 டாலர் ஆகிறது. அதே ஓட்டல் அறையை நேரே சென்று வரியுடன் 250 டாலருக்கு எடுக்கலாம் என்றால், புள்ளிகளைக் கொடுத்தவர் இரவுக்கு 110 டாலர் இழந்தார்.

பலர் இங்கே ஒரு மறுப்புச் சொல்வர். "கட்டணத்தை எப்படியும் கட்டத்தான் போகிறேன், ஆகவே ஓட்டல் எனக்கு இலவசம்" என்பர். கட்டணம் தவிர்க்க முடியாதது என்பது உண்மை. ஓட்டல் இலவசம் என்பது உண்மையன்று. அப்புள்ளிகளுக்கு வேறு பயன் இருக்கும் வரை, அந்தப் பயனை இழப்பதே ஓட்டலின் விலை. அவர் அந்த 200 புள்ளிகளையும் தம் விடுதியில் வேறொருவர் தங்குவதற்கு வாடகைக்கு விட்டுப் புள்ளிக்கு 15 டாலர் பெற்றால், கையில் 3,000 டாலர் சேரும். (டிஸ்னியின் ஒப்பந்தம், வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்கிறது, எப்போதாவது விடுவதைத் தடுப்பதில்லை.) அதில் 1,250 டாலரை ரொக்கமாகக் கொடுத்து அதே ஓட்டலில் அதே ஐந்து இரவு தங்கலாம். மீதி 1,750 டாலர் அவ்வாண்டுக் கட்டணத்தை ஏறக்குறைய முழுதும் ஈடு செய்துவிடும். புள்ளியை நேரே ஓட்டலுக்குக் கொடுத்தவர்க்கு அதே பயணம் 1,800 டாலர்; சுற்றி வந்தவர்க்கு 50 டாலர். வாடகைக்கு ஆள் தேடும் தொல்லையும், வருவாய்க்கு வரி கட்டும் கடமையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அத்தொல்லைக்கு 1,750 டாலர் கூலி கிடைக்கிறது.

ஹில்டன் ஓட்டல் புள்ளிகளுக்கு இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. அந்நிறுவனம் தன் ஓட்டல் புள்ளிகளைத் தானே பணத்துக்கு விற்கிறது. வாங்கும் அளவுக்கே மற்றொரு மடங்கு இனாமாகத் தரும் காலங்கள் அடிக்கடி வருகின்றன. அப்போது ஒரு புள்ளி அரை சென்ட் விலைக்குக் கிடைக்கும். காலப்பங்குப் புள்ளியை மாற்றுமுன், கட்டிய பராமரிப்புக் கட்டணத்தையும் மாற்றுக் கட்டணத்தையும் கூட்டி, கிடைக்கப்போகும் ஓட்டல் புள்ளிகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். விடை அரை சென்டுக்கு மேற்பட்டால், கடையில் மலிவாகக் கிடைக்கும் பண்டத்தை வீட்டில் அதிகச் செலவில் செய்கிறோம் என்று பொருள்.

அப்படியானால் புள்ளிகளை ஓட்டலுக்குப் பயன்படுத்துவது எப்போதும் நட்டமா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. பெரிய விழா, பந்தயம், மாநாடு நடக்கும் ஊரில் அறை வாடகை மூன்று நான்கு மடங்கு ஏறும். புள்ளி விலையும் ஏறும். ஆனால் சில இடங்களில் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அங்கே புள்ளி கொடுப்பவர் வெல்வார். ஹில்டனில் முழுவதும் புள்ளியால் தங்கினால், சில ஓட்டல்கள் வாடகையோடு தனியே வாங்கும் விடுதிக் கட்டணத்தை விட்டுவிடுகின்றனர்; மேரியட்டில் பொதுவாக விடுவதில்லை. மேரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவு தங்கினால் நான்கு இரவுக்குரிய புள்ளி போதும்; ஹில்டனிலும் வெள்ளி முதலான உயர்நிலை உறுப்பினர்க்கு ஐந்தாம் இரவு இலவசம். ஆகவே ஐந்து இரவுப் பயணத்தில் பொருந்தும் கணக்கு, இரண்டு இரவுப் பயணத்தில் பொருந்தாது.

நோய், முதுமை, பிள்ளைகளின் தூரம் ஆகியவற்றால் விடுதிக்குச் செல்லவே இயலாதவர் நிலை வேறு. மகள் வாழும் ஊரில் காலப்பங்கு விடுதி இல்லை, நல்ல ஓட்டல் மட்டும் உண்டு என்றால், பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பாட்டிக்கு நூறு டாலர் நட்டக் கணக்கைச் சொல்லிக் கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவர் தெரிந்து கொடுக்கட்டும். இலவசம் என்று எண்ணிக் கொடுக்க வேண்டா என்பதே நாம் சொல்வது.

ஆனால் ஓட்டலை நம்பிப் புதிதாகப் பங்கு வாங்குபவர்க்கு இத்தகைய சலுகை எதுவும் பொருந்தாது. அவர் முதலையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும். 200 புள்ளியைப் புள்ளிக்கு 150 டாலர் வீதம் 30,000 டாலருக்கு வாங்கி, முப்பது ஆண்டில் பங்கு முடிகிறது என்று கொள்வோம். வட்டியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு 1,000 டாலர் முதலில் கழியும். கட்டணத்தோடு 2,800 டாலர். அதற்கு ஓட்டலில் ஐந்து இரவு என்றால், 250 டாலர் அறைக்கு 560 டாலர் கொடுக்கிறார். மறுவிற்பனையில் மலிவாக வாங்கலாமே எனில், அங்கே மற்றொரு தடை நிற்கிறது. 2011 மார்ச் 21க்குப் பின் டிஸ்னி பங்கை மறுவிற்பனையில் வாங்கியவர், அப்புள்ளிகளைக் கொண்டு பிற ஓட்டல்களிலோ உல்லாசக் கப்பல்களிலோ இடம் பெற முடியாது. விடுதியில் தங்கும் உரிமை பத்திரத்தோடு வாங்கியவருக்குச் சென்றது. ஓட்டல் வசதி செல்லவில்லை. முன்னது சொத்து, பின்னது நிறுவனம் விரும்பும் வரை தரும் சலுகை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காலாவதியாகும் புள்ளியே இறுதியாகக் கூற வேண்டியது. டிஸ்னியில் புள்ளி ஆண்டு பங்குக்குப் பங்கு வேறான மாதத்தில் தொடங்கும். தொடங்கிய எட்டு மாதங்களுக்குள் சொன்னால், செலவழிக்காத புள்ளியை அடுத்த ஆண்டுக்கு மாற்றி வைக்கலாம். பிப்ரவரியில் தொடங்கும் பங்கென்றால் செப்டம்பர் 30 கடைசி நாள். அந்நாள் வரை ஓட்டலின் புள்ளி விலையை, அடுத்த ஆண்டு விடுதியில் கிடைக்கப்போகும் இரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் விடுதியே வெல்லும். அக்டோபர் முதல் நாள் தொட்டு ஒப்பீடு மாறிவிடுகிறது. ஜனவரி 31க்குள் விடுதிக்குச் செல்லவும் இயலாது, வாடகைக்கு ஆளும் கிடைக்கவில்லை என்னும் நிலை வந்தால், அப்புள்ளியின் மறுபயன் சுழியம். அப்போது அப்புள்ளிகளை ஏற்கும் எந்த ஓட்டல் அறையும், இரவுக்கு 40 புள்ளி கேட்டாலும் சரி, 60 கேட்டாலும் சரி, எடுத்துக் கொள்ளத் தக்கதே.