‘புள்ளைக்குச் சொல்லிடாதீங்க, டொக்டர்’

கண்டியைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கிற வேண்டுகோள் இது. பிரஷர் கூடியிருக்கிறது, சீனி கட்டுப்பாட்டில் இல்லை என்று சொன்னதும் தாய் முதலில் நினைப்பது தன்னைப் பற்றி அல்ல. மகன் தியத்தலாவையில் இராணுவப் பயிற்சியில் இருப்பான், அல்லது மகள் கடற்படையில் சேர்ந்து திருகோணமலையில் இருப்பாள். “தெரிஞ்சா மனசு உடைஞ்சிரும், எல்லாத்தையும் விட்டுட்டு வந்திரும்” என்ற பயம்தான் முன்னால் வருகிறது.

பிள்ளைக்குச் சொல்லாத வருத்தத்தைப் பிறகு கணவனுக்கும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டாருக்குச் சொன்னால் அவர்கள் வழியாகப் பிள்ளையின் காதுக்குப் போய்விடும். கடைசியில் டொக்டருக்கும் பாதிதான் சொல்லப்படுகிறது. படைக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் பெற்றோரின் உடல்நலம் கெடுவதற்குப் பிரிவைவிட இந்த மறைப்பே பெரிய காரணம் என்பது என் எண்ணம். பிரிவைத் தடுக்க முடியாது. மறைப்பை நிறுத்தலாம்.

பெருமை வாயை அடைக்கும்போது

பல்லேகலையில் இராணுவத்தின் 11ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் இருக்கிறது. கண்டி மாவட்டத்தின் சிங்களக் கிராமங்களில் படையில் சேர்வதென்றால் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அரச உத்தியோகம். தமிழ், முஸ்லிம், மலாய்க் குடும்பங்களிலிருந்து சேர்பவர்கள் குறைவு, ஆனாலும் உண்டு. மலாயர்களுக்கோ அது மிகப் பழைய தொழில். 1873இல் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் படையணியில் பெரும்பாலோர் அவர்களே. 2012இன் கடைசியில் கிளிநொச்சியிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட தமிழ் இளம்பெண்கள் இராணுவத்தில் சேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

பயிற்சி முடிந்த அணிவகுப்புக்குக் குடும்பமே ரயிலேறிப் போகும். பேராதனைச் சந்தியில் ஏறி, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் தாண்டி தியத்தலாவை வரை. சீருடையில் நிற்கும் பிள்ளையோடு எடுத்த படம் முன்னறைச் சுவரில் ஏறும். வருகிறவர்கள் எல்லோரும் “உங்களுக்கென்ன, குடுத்து வச்சவங்க” என்பார்கள். இதைக் கேட்ட பிறகு எந்தத் தாய் “ராத்திரி தூக்கமே வர்றதில்ல” என்று சொல்வாள்? பெருமைப்பட வேண்டிய இடத்தில் அழுவது நன்றிகெட்டதனமாக அவளுக்கே தோன்றுகிறது.

தமிழ் வீடுகளில் இதற்கு மேலும் ஒரு கனம் சேர்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய உறவுகள் பல குடும்பங்களுக்கு இருக்கின்றன. 2009 மே மாதத்தில் முடிந்த போரில் அந்த உறவுகள் இழந்தவை ஏராளம். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பிள்ளை சீருடை அணிந்தால், தாய் தன் கவலையைச் சொந்த அக்காவிடம்கூடச் சொல்ல முடியாது. பிள்ளையின் முடிவு சரியா தவறா என்று இந்தக் கட்டுரை பேசவில்லை. அந்தத் தாய் வாய்திறந்து பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

தெரியாமல் இருப்பதன் பாரம்

மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனாலும் வீடு வெறிச்சோடும். டுபாய்க்குப் போனாலும் அப்படித்தான். ஆனால் அவள் இரவு எட்டு மணிக்கு அழைப்பாள், சாப்பாட்டுத் தட்டைக்கூட வீடியோவில் காட்டுவாள். படையில் சேர்ந்த பிள்ளைக்குப் பயிற்சிக் காலத்தில் போன் பேசக் கட்டுப்பாடு இருக்கும். லீவு எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு வருவான் என்று பலகாரம் சுட்டு வைத்தால், வேறொருவரின் முறை என்று அவன் அங்கேயே நிற்பான்.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகியபோது, இறந்தவரைப் புதைத்த குடும்பத்தைவிட இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத குடும்பம் வேறுவிதமாக நொந்துபோவதைக் கண்டார். தெளிவற்ற இழப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார். இலங்கையில் இதை விளக்கத் தேவையே இல்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் வடக்கின் தாய்மாரும் தெற்கில் காணாமற்போன படையினரின் தாய்மாரும் ஒரே கேள்வியோடு நிற்கிறார்கள்.

உயிரோடு நலமாக இருக்கும் பிள்ளைக்காகவும் இதே பாரம் சிறிய அளவில் தினமும் வரும். 2024 ஒக்டோபரில் தெற்கு லெபனானில் ஐநா அமைதிப்படை தாக்கப்பட்டு இலங்கைப் படையினர் இருவர் காயமடைந்தார்கள் என்ற செய்தி வந்தது. பெயர் தெரியவரும் வரை, அங்கே பிள்ளையுள்ள எந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்? அதே ஆண்டில், பெரிய சம்பளம் என்று நம்பி ரஷ்யா, உக்ரேன் போர்முனைக்குப் போன முன்னாள் இராணுவத்தினரின் பெற்றோர் தகவல் கேட்டு அலைந்ததையும் பார்த்தோம்.

தூரத்துப் போருக்குப் போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் இந்தப் பாரம் கண்டிக்குப் புதியதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கியது. நகரத்தை ஒட்டிய போர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர் எல்லோரும் கிடக்கிறார்கள். சில கற்களின் அடியில் குடும்பத்தார் எழுதி அனுப்பிய ஒரு வரியும் பொறித்திருக்கிறது. அந்தக் குடும்பங்களில் பலருக்கு இந்த ஊர் எங்கே இருக்கிறதென்றே தெரிந்திருக்காது.

உடம்பில் தெரிவது

மனத்தின் பாரத்தை நம் மக்கள் மனம் என்று சொல்லி டொக்டரிடம் வருவதில்லை. நெஞ்சு அடைக்குது, தலை சுத்துது, கை கால் ஓயுது, வயிறு எரியுது என்றுதான் வருவார்கள். அது பொய் வருத்தம் அல்ல. நீண்ட கவலை உடலில் அழுத்தச் சுரப்பிகளை ஓயாமல் தூண்டுகிறது. இரத்த அழுத்தமும் சீனியும் ஏறும், வயிறு எரியும், தூக்கம் அதிகாலை மூன்று மணியோடு முடிந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் ‘பிள்ளைக் கவலை’ என்று ஒதுக்கிவிடுவது ஆபத்து. பிள்ளை படையில் சேரும் வயதில் தாய்க்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து இருக்கும். மாதவிடாய் நிற்கும் காலம் அது. திடீர் வியர்வை, படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அதனாலும் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வும் மறதியும் மனச்சோர்வைப் போலவே இருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தச்சோகையும் அதிகம். தைராய்டு குறைவையும் இரத்தச்சோகையையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்துவிடலாம்.

நெஞ்சு அடைப்பதை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் உடனே 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். பெரும் அதிர்ச்சியான செய்தி கேட்டு இதயத் தசையே தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் நோய் ஒன்றும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அது கூடுதலாகக் காணப்படுகிறது. வெளியிலிருந்து பார்க்க மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஆஸ்பத்திரியில் பரிசோதிக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பாதுகாப்புக்காக வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற தாய்மார் பலர். முஸ்லிம் வீடுகளில் றமழானுக்கு வெளியிலும் நேர்ச்சை நோன்பு பிடிப்பார்கள். சீனி வருத்தத்துக்குக் கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் இருந்தால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விரதத்தை விடச் சொல்லவில்லை. முன்கூட்டியே கிளினிக்கில் சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். சிலருக்கு மட்டும் வேண்டாம் என்பார்கள். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாமார்

தகப்பன் அழமாட்டார். மாலையில் சாராயத்தின் அளவு கூடும், டிவி செய்தி முன் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார், சின்ன விஷயத்துக்கும் சத்தம் போடுவார். வீட்டார் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்களிடம் மனச்சோர்வு இப்படிக் கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவது சாதாரணம். அவரிடம் “கவலையா?” என்று கேட்டால் இல்லை என்பார். “சரியா தூங்குறீங்களா?” என்று கேளுங்கள், பேச்சு தொடங்கும்.

எத்தனை நாள் பொறுக்கலாம்

பிள்ளை போன முதல் வாரங்களில் அழுவதும், அவன் படுத்த கட்டிலைப் பார்த்து மனம் கனப்பதும் நோய் அல்ல. இடையிடையே சிரிப்பு வரும், வேலை நடக்கும், மெல்லக் குறையும். வெறுமைக் கூடு என்று பலர் பேசுவதும் மருத்துவ நோய்ப் பட்டியலில் உள்ள பெயரல்ல.

அளவுகோல் இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லையா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் டொக்டரைப் பார்க்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் கெட்டு, தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு, ‘செத்தா நல்லம்’ என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. அவை போதைப் பழக்கத்தைத் தருவதில்லை. ஆனால் குணமானது போலிருக்கிறது என்று திடீரென நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடுவது பாமசியில் சொந்தமாக வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரைதான்.

வீட்டிலிருந்தே

பிள்ளையோடு முதல் லீவிலேயே ஓர் ஏற்பாடு பேசிக்கொள்ளுங்கள்: எந்த நாளில் அழைக்க முடியும், அழைக்க முடியாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம், அவசரமென்றால் வீட்டார் யாருக்குச் சொல்ல வேண்டும். “போன் வராட்டி டியூட்டியில இருக்கேன்னு நினைச்சுக்கோங்க” என்று பிள்ளை வாயால் ஒருமுறை கேட்டால் பல இரவுகள் தூங்கலாம். செய்தியைப் பகலில் ஒருமுறை பாருங்கள், படுக்கையில் வேண்டாம். ஃபேஸ்புக்கில் வரும் உறுதிசெய்யாத செய்தி செய்யும் கெடுதல் பெரிது.

வாரத்துக்கு 150 நிமிட நடை நன்றாக உதவும். நகரத்தில் இருப்பவர்களுக்கு வாவிக்கரை இருக்கிறது, தோட்டத்தில் இருப்பவர்களுக்கு மலையேற்றமே போதும். தனியாக நடக்காமல் இன்னொரு தாயோடு நடங்கள், அவர் பிள்ளையும் வெளியே இருந்தால் இன்னும் நல்லது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலானாலும் மீரா மக்காம் பள்ளிவாசலானாலும், போகிற இடத்தில் ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கண்டியில் யாரிடம் போவது

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன; சிகிச்சை இலவசம். கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை பக்கம் இருப்பவர்கள் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியில் தொடங்கலாம். தேவையென்றால் அங்கிருந்து கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். 35 வயதைக் கடந்தவர்கள் பிரஷர், சீனி, எடை எல்லாவற்றையும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

படையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. அடுத்த லீவில் வரும்போது அம்மாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். அடுத்த தேதி எது, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போனார் என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “நல்லா இருக்கேன்” என்ற பதிலோடு நிறுத்தாமல், “போன கிளினிக்ல பிரஷர் எவ்வளவும்மா?” என்று கேளுங்கள். பெற்றோரும் அந்த எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள். முகாமில் இருக்கும் பிள்ளை பயப்படுவது கேட்கிற செய்திக்கு அல்ல, தனக்குச் சொல்லாமல் விட்ட செய்திக்கு.